ஐம்பது கிலோ மாப்பிள்ளை

கல்யாணத்துக்குப் பிறகு வாயைத் திறக்க முடியாமல் போன ஆண்கள் எங்கள் காரைக்காலில் தெருவுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணம் முடிவதற்கு முன்பே, பந்தலில், இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறக்க முடியாமல் போனவன் நான் ஒருவன்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மறைத்துப் பயனில்லை என்பதால் சொல்கிறேன். (நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.)

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டுவதற்கு மூன்று வருஷம் முந்திய சமாசாரம். எனக்கு இருபத்து நான்கு வயது. மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பிறப்பு இறப்பு கல்யாணமெல்லாம் பதிவேட்டில் எழுதும் உத்தியோகம். எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். ஆள்தான் ஒல்லி. எவ்வளவு ஒல்லி என்றால், காற்று பலமாக அடிக்கிற நாளில் குடையை எடுத்துக்கொண்டு போகாதே என்று உம்மா கையைப் பிடித்துக்கொள்வார். குடை போனாலும் பரவாயில்லை, கூடவே பிள்ளையும் போய்விடுவானே என்ற கவலை.

எனக்கு வாப்பா இல்லை. சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் நானா, அதாவது அண்ணன், அந்த வருஷம் ஊருக்கு வந்தவர் எனக்குப் பெண் பேசினார். பெண் வீட்டுக்காரர் உமர் மரைக்காயர். அரசலாற்றங்கரையில் அவருக்குப் பெரிய கிட்டங்கி. தோணியில் வந்து இறங்கும் அரிசி, கொட்டைப்பாக்கு, புளி எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் அடுக்கியிருக்கும். பேச்செல்லாம் சுமுகமாக முடிந்து, சர்பத்தும் குடித்தாயிற்று. அப்போதுதான் மரைக்காயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் கிட்டங்கிப் பக்கம் வாங்க."

போனேன். நடுவில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தட்டைக் காட்டி, "ஏறி உக்காருங்க" என்றார்.

"மாமா?"

"உக்காருங்க தம்பி. வெக்கப்படாதீங்க."

உட்கார்ந்தேன். எதிர்த் தட்டில் அவரே எடைக்கல்லைத் தூக்கி வைத்தார். ஒரு இருபது. இன்னொரு இருபது. அப்புறம் ஒரு பத்து வைத்தார் பாருங்கள், நான் விருட்டென்று மேலே போய்விட்டேன்! கால் தரையில் பாவவில்லை. சங்கிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன், மாடி ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. முகம் தெரியவில்லை. ஆனால் அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இந்தச் சிரிப்புக்காரியைத்தான் கட்டுவது என்று. அவள்தான் ஜொஹரா. (மாப்பிள்ளை அந்தரத்தில் தொங்கும்போது காதல் வருமா என்று கேட்காதீர்கள். வந்தது.)

மரைக்காயர் பத்தை எடுத்துவிட்டுச் சின்னக் கல்லாக மாற்றி வைத்துப் பார்த்து, "நாப்பத்தாறு" என்றார். "செருப்போட."

பிறகு என்னை இறக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. என் மூத்த மவ மர்யத்தக் கட்டுனவரும் ஒங்கள மாதிரிதான், தங்கமான பிள்ள. இதே ஒடம்பு. நானும் கல்யாணம் ஆனா தேறிடுவாருன்னு நெனச்சேன். நெஞ்சு நோவு வந்து, ரத்தம் ரத்தமா இருமி, ஒரு மழைக்காலத்தத் தாங்கல. மவ இருபது வயசுல வெள்ள உடுத்திக்கிட்டு என் கண்ணு முன்னாடி நடமாடுறா. இன்னொரு மவளையும் அப்புடிப் பாக்குற தெம்பு எனக்கு இல்ல. அம்பது கிலோ வாங்க. நாப்பது நாள் இருக்கு. பந்தல்லயே நிறுப்பேன். அம்பது இருந்தா நிக்காஹ். இல்லாட்டி எல்லாருக்கும் பிரியாணிய போட்டு அனுப்பிச்சிருவேன்."

அந்த மனிதர் என்னை அவமானப்படுத்தவில்லை, பயப்படுகிறார் என்று புரிந்தது. நாலு கிலோ! நாலே நாலு கிலோவில் ஜொஹரா நிற்கிறாள். சம்மதம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

நானா பெட்டியைத் திறந்து இரண்டு தகர டப்பாக்களை எடுத்து வைத்தார். சைகோனில் வாங்கியது. டப்பாவின் மேல் மார்பு புடைத்த ஒரு வெள்ளைக்காரன் கையை மடக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். உள்ளே மாவு, வெள்ளை வெளேரென்று.

"இது பாலுல உள்ள சத்த மட்டும் தனியா பிரிச்சி எடுத்தது. கொழுப்பு கெடையாது, தண்ணி கெடையாது, வெறும் சத்து! ஒரு கரண்டி நாலு முட்டைக்குச் சமம்னு போட்டிருக்கான். பட்டாளத்துக்காரன்லாம் இதத்தான் குடிக்கிறான்."

ஆஹா! எனக்குப் புல்லரித்துவிட்டது. விஞ்ஞானம் என்றால் இதல்லவா விஞ்ஞானம்! நாலு முட்டையை அவித்து, உரித்து, மென்று, விழுங்கி... யார் படுவது அந்தப் பாடு? ஒரு கரண்டி மாவு, ஒரு தம்ளர் தண்ணீர், கதை முடிந்தது. அன்றைக்கு ராத்திரியே நான் காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டேன். நாளைக்கு ஆறு கரண்டி, இருபத்து நான்கு முட்டை. நாற்பது நாளைக்குத் தொள்ளாயிரத்து அறுபது முட்டை. ஐம்பது கிலோ என்ன, அறுபதே வந்துவிடுமோ என்று கொஞ்சம் கவலைகூடப் பட்டேன். தையற்காரரிடம் போய்க் கல்யாணக் கோட்டை நாலு விரல் அகலம் கூட்டித் தைக்கச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? நானே ஒரு சட்டமும் இயற்றினேன். மற்ற சாப்பாட்டைச் சாப்பிட்டால் அது போய் மாவின் வேலையைக் கெடுக்கும், ஆகையால் மாவு குடிக்கும் வேளையில் வேறெதுவும் தொடக்கூடாது. (இந்தச் சட்டத்தை எந்த டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை. முழுக்க முழுக்க என் மூளை.)

இங்கேதான் சிங்காரம் வருகிறான். என்னோடு மேரியில் வேலை பார்த்தவன். நெரவியிலிருந்து தினமும் சைக்கிளில் வருவான். குடியானவர் வீட்டுப் பிள்ளை, ஆனால் என்னைப் போலவே ஒல்லி. ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொள்ளலாம். ரயிலடியில் பார்சல் நிறுக்கும் தராசில் இருவரும் ஏறிப் பார்த்தோம். அவனும் நாற்பத்தாறுதான்.

பெண் பேசிய மூன்றாம் நாளே மரைக்காயர் வீட்டிலிருந்து ஆபீசுக்கு மதியச் சாப்பாடு வந்துவிட்டது. நாலு அடுக்குக் கேரியர்! மாப்பிள்ளையைத் தேற்றியே தீருவது என்று மாமி கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் அடுக்கில் நெய்ச் சோறு. இரண்டாவதில் கொடுவா மீன் குழம்பு. மூன்றாவதில் அவித்த முட்டை ஐந்து. நாலாவதில் சுண்டல். மறுநாள் ஆட்டுக்கால் சூப்பு, உளுந்தங்களி. அதற்கு மறுநாள் சுறாப்புட்டு, நண்டு வறுவல், நெய்யில் பொரித்த கோழி. மூடியைத் திறந்தால் பதிவேட்டில் செத்துப்போனவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் போல அப்படி ஒரு வாசனை.

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, கேரியரைச் சிங்காரம் பக்கம் தள்ளினேன்.

"பாய், நெசமாவே வேணாமா?"

"சிங்காரம், நீ பழைய காலத்து மனுஷன். மென்னுக்கிட்டே இரு. நான் போற வழி வேற."

"அதுக்கில்ல பாய். அவங்க ஒங்களுக்காவ ஆசையா அனுப்புறாங்க..."

"திருப்பி அனுப்புனா வருத்தப்படுவாங்க. நீ சாப்புடு. புண்ணியமாப் போவும்."

அவன் அதற்கு மேல் என்னை வற்புறுத்தவில்லை. நல்ல பையன்.

நான் மாவைக் கரைத்துக் குடித்தேன். ருசி எப்படி என்றால், சுவரில் அடித்த வெள்ளையை நக்கின மாதிரி. ஆனாலும் ஒவ்வொரு மடக்கும் உள்ளே இறங்கும்போது தோளில் சதை முளைப்பது எனக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது! கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொள்வேன். "பார்த்தியா, பார்த்தியா" என்று சிங்காரத்திடம் காட்டுவேன். அவன் வாய் நிறையச் சோறோடு தலையை ஆட்டுவான்.

முப்பதாம் நாள் ஒரு சம்பவம். சிங்காரம் தும்மினான். அவன் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெறித்து, நான் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தில் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் அவனை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கன்னம் இரண்டும் பன்னு மாதிரி. கழுத்தைக் காணோம்!

அடித்துப் பிடித்துக்கொண்டு ரயிலடிக்குப் போனோம். அவன் ஐம்பத்திரண்டு. நான் நாற்பத்தைந்தரை. செருப்போட.

"பாய், இந்தத் தராசு பழசு" என்றான் சிங்காரம் பாவமாக.

"ஒனக்கு மட்டும் புதுசா?" என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் பத்தே நாள். நியாயமான எவனும் அந்த இடத்தில் புத்தி தெளிந்து கேரியரைத் திறந்திருப்பான். நானோ, மாவு போதவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, நாளைக்கு ஆறு கரண்டியைப் பன்னிரண்டாக ஆக்கினேன்.

கல்யாணத்தன்றைக்குச் சாயங்காலம், அசர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். புறப்படுகிற நேரத்தில் சிங்காரம் மூச்சிரைக்க வந்தான்.

"பாய், தராசக் கொண்டாந்து பந்தல்லயே மாட்டிட்டாங்க! மூணு மூங்கிலக் கூட்டிக் கட்டி! ஊரே சுத்தி நிக்குது!"

அறைக்குள் ஓடினேன். இரண்டாவது டப்பாவின் அடியில் கால்வாசி மாவு இருந்தது. கரைக்க நேரமில்லை. வயிற்றில் இருந்தால் என்ன, வாயில் இருந்தால் என்ன, தராசுக்கு எல்லாம் எடைதானே! டப்பாவை அண்ணாந்து கவிழ்த்து அப்படியே வாயில் கொட்டிக்கொண்டேன். தண்ணீர் குடிப்பதற்குள் நானா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றிவிட்டார்.

வாய்க்குள் எச்சில் ஒரு சொட்டு இல்லை. மாவு இரண்டு கன்னத்திலும் அப்பிக்கொண்டு நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை (கால் கிலோ ஆயிற்றே). மேளதாளத்தோடு பெண் வீட்டு வாசலில் இறங்கினேன். பன்னீர் தெளித்து, வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். அதைப் பார்த்ததும் என் மூளை மறுபடியும் வேலை செய்தது. வெற்றிலை போட்டால் எச்சில் ஊறும், எச்சில் ஊறினால் மாவு கரையும்! இரண்டு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பை விரலால் வழித்துத் தாராளமாகத் தடவி, பாக்கோடு மடித்து உள்ளே தள்ளி, மும்முரமாக மெல்ல ஆரம்பித்தேன்.

முதலில் நன்றாகத்தான் ஊறியது. பிறகு மெல்லுவது கொஞ்சம் கனமாக இருந்தது. பிறகு இன்னும் கனமாக இருந்தது. இதை யோசிப்பதற்குள் என்னைத் தராசில் உட்கார வைத்துவிட்டார்கள்.

கோட்டு, தலைப்பாகை, புது பூட்ஸ், கழுத்திலிருந்து முழங்கால் வரை நெருக்கிக் கட்டிய மாலை மூன்று. மரைக்காயர் கல்லை வைத்தார். இருபது. இன்னும் இருபது. பத்து. எனக்கு உயிர் இல்லை. தட்டு ஆடியது, தாழ்ந்தது, ஏறியது, நேராக நின்றது. ஐம்பது! அச்சாக ஐம்பது! பந்தலே ஆரவாரம் செய்தது. நானா தலைப்பாகையைக் கழற்றி மேலே வீசினார். மரைக்காயருக்குத் தெரியாதா மாலையின் எடை? தெரியும். இருந்தாலும் என் தோளைத் தட்டி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வாழ்க்கையிலேயே மகத்தான நிமிஷம் அது. அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை.

விரிப்பில் உட்கார்ந்தோம். ஹஜ்ரத் ஓத வேண்டியதையெல்லாம் ஓதினார். பிறகு என் பக்கம் திரும்பி, இன்னாருடைய மகளை இன்ன மஹர் தொகைக்கு நிக்காஹ் செய்துகொள்ள ஒப்புக்கொண்டீரா என்று கேட்டார். நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ஒப்புக்கொண்டேன்.

"ம்" என்றேன்.

"வாயால சொல்லுங்க மாப்ளே."

"ம்ம்ம்."

மேல்வாயும் நாக்கும் பல்லும் ஒன்றாகிவிட்டன. இழுக்கிறேன், வரவில்லை! ஒரு பக்கம் அசைத்தால் மறுபக்கம் பிடித்துக்கொள்கிறது. ஹஜ்ரத் பொறுமையாக மூன்றாம் தடவை கேட்டார். நான் முகம் சிவந்து, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைக்க, முழுப் பலத்தையும் கூட்டி வாயைப் பிளக்கப் பார்த்தேன். பிளக்கவில்லை. இரண்டு கடைவாயிலிருந்தும் சிவப்பாக நுரை வழிந்து வெள்ளைக் கோட்டில் சொட்டியது. மூச்சு அடைத்து இருமல் வேறு வந்துவிட்டது.

மரைக்காயர் எழுந்து நின்றார். அவர் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"ரத்தம்" என்றார். "யா அல்லாஹ், இவருக்கும் ரத்தம்! நிறுத்துங்க ஹஜ்ரத். நிக்காஹ நிறுத்துங்க. நான் குடுக்க மாட்டேன்."

இல்லை மாமா, வெற்றிலை மாமா என்று நான் கதறுகிறேன். வெளியே கேட்பது மாட்டுத் தொழுவத்துச் சத்தம். கையை ஆட்டுகிறேன். எனக்கு வலிப்பு என்று யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். நானா அழ ஆரம்பித்துவிட்டார். எல்லாம் போயிற்று, ஜொஹரா போயிற்று, ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போயிற்று என்று நினைத்து நானும் அழுதேன். மூக்கு வழியாகத்தான் அழ முடிந்தது.

அப்போது பெண்கள் பக்கத்துத் திரைச்சீலை விலகியது. வெள்ளைச் சேலையில் ஜொஹராவின் அக்கா, மர்யம் லாத்தா, வந்து நின்றார். கல்யாண வீட்டில் முன்னால் வராமல் உள்ளேயே இருந்தவர். நேரே வந்து, என் கோட்டில் சொட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வாப்பா, இது ரத்தம் இல்ல."

"மர்யம், நீ உள்ள போம்மா."

"ரத்தம் எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும் வாப்பா. நான் தொடச்சிருக்கேன். இது வெத்தலச் சாறு. இவருக்கு ஒண்ணும் இல்ல, வாயில எதையோ அப்பிக்கிட்டு முழிக்கிறாரு. வென்னி கொண்டாங்க!"

அதற்கு மேல் சிங்காரத்தால் தாங்க முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மரைக்காயர் முன்னால் நின்று, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டப்பா, மாவு, கரண்டிக் கணக்கு, நாற்பது நாள் கேரியர், எதையும் விடவில்லை. பந்தலில் மரைக்காயரின் தோணிகளைச் செப்பனிடும் ஓடாவி ஒருவர் இருந்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாலுல எடுத்த சத்தயும் சுண்ணாம்பயும் சேத்துக் கொழைச்சா, அது பசைங்க மரைக்காரே! ஒடஞ்ச பீங்கான நாங்க தயிர்க்கட்டியும் சுண்ணாம்பும் போட்டுத்தான் ஒட்டுவோம். மாப்ள வாயிலயே அரைச்சிட்டாரு!"

வெந்நீர் வந்தது. லாத்தா செம்பைப் பிடிக்க, சிங்காரம் என் தலையைப் பிடிக்க, ஓடாவி (உளி வேண்டாம் என்று நான் கண்ணாலேயே கெஞ்சிய பிறகு) கரண்டிக் காம்பால் நெம்ப, கால்மணி நேரத்தில் வாய் திறந்தது. திறந்த வேகத்தில் நான் கத்தினேன்:

"ஒப்புக்கொண்டேன்! ஒப்புக்கொண்டேன்! ஒப்புக்கொண்டேன்!"

"இருங்க மாப்ளே, நான் இன்னும் கேக்கல" என்றார் ஹஜ்ரத்.

ஹஜ்ரத் மரைக்காயரைப் பார்த்தார். மரைக்காயர் என்னைப் பார்த்தார், சிங்காரத்தைப் பார்த்தார். சிங்காரத்தின் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். "நம்ம வூட்டுச் சாப்பாடு வேல செஞ்சிருக்கு. ஆளுதான் மாறிப்போச்சு" என்றார். மாடியிலிருந்து அதே சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. அதைக் கேட்டதும் மரைக்காயரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துக்கொண்டே ஹஜ்ரத்தைப் பார்த்து, கேளுங்க என்று கை காட்டினார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் போய் இருப்பது வழக்கம். ஆகையால் அகப்பட்டுக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கிட்டங்கித் தராசு. கல்லை எடுத்து வைப்பது மர்யம் லாத்தா. மீன், முட்டை, உளுந்தங்களி, சுண்டல் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே மென்று விழுங்க வேண்டும். மாலை இல்லாமல், பூட்ஸ் இல்லாமல் ஐம்பதைத் தொட்ட வெள்ளிக்கிழமை, லாத்தா கடைசிக் கல்லை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான் என்று மாமி சொன்னார்கள். மரைக்காயர் எழுந்து ஆற்றுப் பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். இப்போது நான் எழுபத்தெட்டு கிலோ. போதும் என்று டாக்டர் சொல்கிறார், ஜொஹராவிடம் சொல்லத்தான் அவருக்கும் பயம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நடக்கும் எந்த நிக்காஹிலும் ஒரு சடங்கு கூடிவிட்டது. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, நாங்களாக வைத்துக்கொண்டது. ஹஜ்ரத் கேட்பதற்கு முன்னால் ஒரு பெரியவர் மாப்பிள்ளை முன் குனிந்து, "மாப்ளே, ஆ காட்டுங்க" என்பார். மாப்பிள்ளை வாயைத் திறந்து காட்டியாக வேண்டும். போன மாசம் பேத்தி கல்யாணத்தில் அந்தப் பொறுப்பு எனக்கே வந்தது. புதுசாக வந்த சம்பந்தி ஒன்றும் புரியாமல் ஜொஹராவிடம் காரணம் கேட்டார். அவள் முழுக் கதையையும், தராசிலிருந்து கரண்டிக் காம்பு வரைக்கும், ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"அடடா, அப்ப அன்னிக்கி ரொம்பச் செரமப்பட்டுட்டீங்க" என்றார் சம்பந்தி.

"அது கெடக்கு" என்றாள் ஜொஹரா. "அன்னிக்கி நெம்பித் தொறந்த வாயிதான். இன்னிக்கி வரைக்கும் மூடல."